ஓடிக்கொண்டே உரை கேட்டால் மண்டையில் எது நிற்கும்?

சட்டக் கல்லூரியில் படிக்கும் உச்சிப்புளித் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணே, காலையில் ஓடும்போது தொழில்நுட்பம், அதன் மேல் சட்டம் போடுவது பற்றியெல்லாம் பல்கலைக்கழக உரைகள் கேட்பதாகச் சொன்னீர்கள். நானும் இரண்டு வாரம் முயன்று பார்த்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒன்றுமே ஞாபகம் இல்லை. இது உண்மையில் பயன்படுகிறதா, இல்லை படித்த மாதிரி ஒரு திருப்திக்குத்தானா? எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?"

தம்பி, ஓடும்போது தகவல் தங்காது. ஆண்டு, பிரிவு எண், வழக்கின் பெயர், அபராதத் தொகை எதுவுமே தங்காது, அதை எதிர்பார்த்து ஓடினால் ஏமாற்றம்தான். தங்குவது ஒன்றே ஒன்று: ஒருவர் வாதத்தை எங்கே தொடங்கி, எந்தச் சந்தில் திரும்பி, எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் என்ற தடம். வக்கீலாகப் போகிற ஆளுக்கு அது போதாதா என்ன.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் நீதிமன்ற வளாகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை பற்றிப் பேச்சு வந்தது. அன்று காலைதான் அதைப் பற்றி ஒரு மணி நேர உரை கேட்டிருந்தேன். உடம்பில் உப்பு காய்வதற்குள் வந்த ஞானம், "அது 2016-லேயே அமலுக்கு வந்துவிட்டதே" என்று அடித்துப் பேசினேன். சீனியர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "நிறைவேறியதுதான் 2016, அமலுக்கு வந்தது 2018 மே 25. தயாராகிக்கொள்ள இரண்டு வருடம் கொடுத்திருந்தார்கள்" என்றார். வீட்டுக்குப் போய் மறுபடி கேட்டுப் பார்த்தேன், உரையில் இரண்டு தேதியும் இருந்தன, காது ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருக்கிறது. ஆனால் அதே உரையில் அந்தப் பேராசிரியர் ஒப்புதல் பற்றிச் சொன்னது இன்றும் அப்படியே இருக்கிறது: வேறு வழி இல்லாதவன் அழுத்துகிற 'சம்மதம்' பொத்தானை எந்த வாயால் சம்மதம் என்று சொல்வது, அப்படிச் சொன்னால் கந்துவட்டிப் பத்திரத்தில் வைத்த கைநாட்டும் சம்மதம்தானே. (கந்துவட்டி அவர் சொன்னதில்லை, நான் ஓடிக்கொண்டே சேர்த்துக்கொண்டது. அந்தச் சேர்த்துக்கொள்வதுதான் விஷயமே, பின்னால் வருகிறேன்.)

என் வீடு மண்டபம் பக்கம். பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவரை போய்த் திரும்பினால் பத்து கிலோமீட்டர் சொச்சம் வரும், மெதுவாக ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒரு உரைக்குச் சரியான அளவு. முதன்முதலில் அந்தச் சாலையில் எனக்கு 'பிடிபட்ட' உரை லாரன்ஸ் லெஸ்ஸிக் சொன்ன நான்கு கட்டுப்பாடுகளைப் பற்றியது. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர், 1999-ல் புத்தகமாகவே எழுதினார்: மனிதனைச் சட்டம் மட்டும் கட்டுப்படுத்துவதில்லை, ஊர்வழக்கம் கட்டுப்படுத்துகிறது, சந்தை கட்டுப்படுத்துகிறது, பொருள் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்ற அமைப்பும் கட்டுப்படுத்துகிறது, இணையத்தில் அந்த அமைப்பு என்பது நிரல். எழுத்தில் படித்தபோது தேர்வுக்கு உதவும் நான்கு தலைப்பு என்றுதான் தோன்றியது. ஓடும்போது வலது பக்கம் கடல், கரையில் வல்லங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக்கூடாது என்பது சட்டம். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்று வைத்திருக்கும் ஊர்களுக்கு எந்த அரசாணையும் இல்லை, அது வழக்கம். டீசல் விலையும் இறால் விலையும் ஒத்துவராத நாளில் படகு கரையிலேயே கிடக்கும், அது சந்தை. ஆழம் இல்லாத இடத்துக்குப் பெரிய படகை யாரும் தடுக்க வேண்டியதே இல்லை, கடலே தடுத்துக்கொள்ளும், அது அமைப்பு. நான்கும் ஒரு கிலோமீட்டருக்குள் கண்ணெதிரே நின்றன. அதற்கப்புறம் அந்த நான்கை நான் மறக்கவே இல்லை. மனப்பாடம் செய்யவும் இல்லை.

அந்த வாதத்துக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் இன்னும் ருசி. 1996-ல் ஃபிராங்க் ஈஸ்டர்புரூக் என்ற அமெரிக்க நீதிபதி, சைபர் சட்டம் என்று தனியாக ஒன்று எதற்கு, குதிரை வாங்க, விற்க, குதிரை உதைத்தால் நஷ்டஈடு கேட்க என்று வழக்குகள் இருப்பதால் 'குதிரைச் சட்டம்' என்று ஒரு பாடம் வைக்கிறோமா என்று கிண்டலாகக் கேட்டார். பொதுவான சட்டத்தை ஒழுங்காகப் படித்தால் குதிரைக்கும் அது போதும் என்பது அவர் கட்சி. லெஸ்ஸிக் 1999-ல் அதற்கு எழுதிய பதிலில்தான் இந்த நான்கும் முறையாக வருகின்றன. ஓட்டத்துக்கு இப்படிப்பட்ட எதிரும் புதிருமான உரைகளே நல்லவை. கண்ணால் படிக்கும்போது அடிக்குறிப்பு நம் கையைப் பிடித்து இழுக்கும், காதில் அது இல்லை, இரண்டு பேர் மோதுவது மட்டும் கேட்கும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டீர்கள். ஒரே ஆள் பேசுகிற, கேள்வி நேரம் நீங்கலாக நாற்பது நிமிடத்துக்கு மேல் போகாத உரை. நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்ளும் கலந்துரையாடல் வேண்டவே வேண்டாம், மூன்றாவது கிலோமீட்டரில் யார் குரல் யாருடையது என்றே குழம்பிவிடும். 'இந்தப் படத்தில் நீங்கள் பார்க்கிறபடி' என்று முதல் பத்து நிமிடத்தில் இரண்டு முறை சொன்னால் அந்த உரையை வீட்டில் உட்கார்ந்து பார்க்க ஒதுக்கிவிடுங்கள். லண்டன் பொருளாதாரக் கல்லூரி தன் பொதுக்கூட்ட உரைகளை ஒலிவடிவிலேயே இலவசமாகப் போடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டும் அப்படியே. ஹார்வர்டின் பெர்க்மன் கிளைன் மையம், நம் பக்கம் பெங்களூரின் தேசியச் சட்டப் பள்ளி, இணையம் மற்றும் சமூக மையம், இவர்களுடைய பேச்சுகளும் கிடைக்கும். உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு விசாரணைகள் 2022 செப்டம்பர் 27 முதல் நேரலையாக வருகின்றன, சட்ட மாணவர் அவசியம் பார்க்க வேண்டியவை. ஆனால் ஓடும்போது கேட்காதீர்கள். 'பக்கம் முந்நூற்று நாற்பத்தேழு, மூன்றாவது பத்தி' என்றுவிட்டு இரண்டு நிமிடம் தாள் புரட்டும் சத்தம் மட்டும் வரும், நீங்கள் அந்த இரண்டு நிமிடமும் இயர்போன் கெட்டுவிட்டது என்று தட்டிக்கொண்டே ஓடுவீர்கள்.

இன்னொரு சூட்சுமம். உரையைக் கடைசியிலிருந்து கேளுங்கள். முதலில் கேள்வி நேரத்தைக் கேட்டுவிட்டு, அப்புறம் உரை. ஆரம்பத்து ஏழெட்டு நிமிடம் வரவேற்பு, நன்றி, பேச்சாளர் வாங்கிய பட்டங்கள், அதில் ஒன்றுமில்லை. கேள்வி நேரத்தில்தான் ஒரு கிழவரோ ஒரு மாணவியோ எழுந்து அடிமடியில் கை வைப்பார்கள், பேராசிரியர் ஒரு விநாடி தடுமாறி, "அது நல்ல கேள்வி" என்பார். எங்கே தடுமாறினார் என்று தெரிந்துகொண்டு உரைக்குள் போனால், அந்த இடம் வரும்போது கால் தானாகவே மெதுவாகும்.

பதிவான தேதியைப் பார்க்காமல் மட்டும் எதையும் இறக்காதீர்கள். இந்தத் துறையில் உரை சீக்கிரம் ஊசிப்போகும். நம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது, அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, நடுவில் பேசியவர்கள் எல்லாம் இறுதி விதிகளைப் பார்க்காமல் பேசியவர்கள். ஐரோப்பாவின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்தாலும் அதன் பகுதிகள் தவணை முறையில்தான் உயிர்பெறுகின்றன, முதல் தவணையான தடைகள் 2025 பிப்ரவரியில். ஆனால் வாதம் பழசாவதில்லை. 2015-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததைப் பற்றிய அந்தக் காலத்து உரைகளை இன்றைக்குக் கேட்டாலும், 'எரிச்சலூட்டும்' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை பேரைப் பிடித்து உள்ளே போடலாம் என்ற பகுதி பழையதாகவே தெரியாது.

இப்போது அந்தச் 'சேர்த்துக்கொள்வது'. கேட்பதை நம் கரையோடு உரசிப் பார்க்காவிட்டால் அது இரண்டு நாளில் காற்றோடு போய்விடும் என்பது என் அனுபவம். உரசுவதற்கு இந்தக் கடற்கரை மாதிரி இடம் கிடைக்காது என்றுகூடச் சொல்வேன், கொஞ்சம் ஊர்ப்பாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டேவிட் காலிங்ரிட்ஜ் என்று ஒருவர், 1980-ல் எழுதினார். ஒரு தொழில்நுட்பம் புதிதாக இருக்கும்போது அதைக் கட்டுப்படுத்துவது எளிது, ஆனால் அது என்ன செய்யும் என்று அப்போது தெரியாது. என்ன செய்யும் என்று தெரியவரும்போது அது எல்லோர் பிழைப்பிலும் பின்னிப்போயிருக்கும், கழற்ற முடியாது. செயற்கை நுண்ணறிவு பற்றிய உரைகளில் பத்தில் ஏழில் இவர் பெயர் வரும், சலித்துப்போகும் அளவுக்கு. எனக்கு இது புரிந்தது மண்டபம் கரையில் மூங்கில் மிதவைகளைப் பார்த்தபோது. நம் பெண்கள் காலங்காலமாகத் தீவுப் பக்கம் போய் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுத்தவர்கள். வெளிநாட்டு இனமான கப்பாபைகஸ் பாசியை மிதவையில் கட்டி வளர்க்கும் முறை வந்தது, மூழ்க வேண்டாம், கரையோரமாகவே வேலை, கையில் காசு, யார் வேண்டாம் என்பார்கள். 2008-ல் குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் அந்தப் பாசி படர்ந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது எவ்வளவு பெரிய கேடு என்பதில் அறிவியலாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஆனால் கேள்வி எழுந்தபோது அந்த மிதவையை நம்பி எத்தனையோ குடும்பம் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தது. மிதவை போடும் முன்பே கேட்டிருக்கலாமே என்று இப்போது சொல்வது சுலபம், அப்போது என்ன கேட்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? காலிங்ரிட்ஜ் சொன்னதும் அதைத்தானே. கடலில் மூழ்கி எழுந்த கைகளுக்கு வந்த பிரச்சினையாகப் பார்த்தபோது, செயற்கை நுண்ணறிவு உரையில் 'முன்கூட்டியே தடை செய்' என்று கத்துகிறவர்கள் மேலும், 'வரட்டும் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறவர்கள் மேலும் எனக்கு ஒரே அளவு சந்தேகம் வந்துவிட்டது.

பாலத்தில் ஓடும்போது கேட்க என்று நான் ஒதுக்கி வைப்பது லாங்டன் வின்னர் பற்றிய உரைகள். பொருள்களுக்கு அரசியல் உண்டா என்று 1980-ல் கேட்டவர். நியூயார்க்கில் பொதுப்பணிகளை நடத்திய அதிகாரி ராபர்ட் மோசஸ் கட்டிய சாலைப் பாலங்கள் தாழ்வாக இருந்ததால் பேருந்து அடியில் போக முடியவில்லை, பேருந்தில் வரும் ஏழைகளும் கறுப்பின மக்களும் கடற்கரைக்கு வராமல் தடுக்கவே அப்படிக் கட்டினார் என்பது அவர் காட்டிய உதாரணம். இந்தக் கதை எல்லோருக்கும் பிடிக்கும், அதனால்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: 1999-ல் பெர்ன்வார்ட் யோர்கஸ் என்பவர் அந்தக் கதை வின்னர் சொன்னபடி நிற்காது என்று விலாவாரியாக எழுதினார். இரண்டையும் கேட்டுவிட்டு நம் பாலத்தைப் பாருங்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் நடுவில் இரண்டு கைகளாகப் பிளந்து மேலே தூக்கிக்கொண்டிருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் செங்குத்தாக மேலே ஏறும். கப்பலுக்கு வழிவிட ரயில் காத்திருக்க வேண்டுமா, ரயிலுக்காகக் கப்பல் காத்திருக்க வேண்டுமா என்பதை யாரோ ஒருவர் அட்டவணை போட்டு முடிவு செய்கிறார். பாலம் யாரையும் ஒதுக்கக் கட்டியதில்லை, ஆனாலும் யார் காத்திருப்பது என்ற கேள்வி அதற்குள் இருக்கத்தான் செய்கிறது. வின்னர் கெட்ட உதாரணத்தோடு நல்ல கேள்வி கேட்டார் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

கைபேசி வந்ததால் மீனவர் வாழ்க்கை மாறியது என்று எந்த உரையிலாவது கேட்டால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அதற்கு ஆதாரம் பெரும்பாலும் பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் 2007-ல் வெளியிட்ட ஆய்வு. வட கேரளத்தில் 1997-க்கும் 2001-க்கும் நடுவே கைபேசி வந்தபிறகு மத்தி மீன் விலை கரைக்குக் கரை வேறுபடுவது வெகுவாகக் குறைந்தது, விற்காமல் கொட்டுவது நின்றது என்று காட்டியது. சந்தைக்குத் தகவல் மட்டும் கொடுத்தால் போதும், ஒழுங்குபடுத்த வேறெதுவும் வேண்டாம் என்று சொல்ல விரும்பும் எல்லோரும் இதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 2013-ல் ஜானகி சீனிவாசனும் ஜென்னா பரெலும் கேரளத்துக்கே போய் மறுபடி பார்த்து, எல்லா மீனவருக்கும் அப்படிக் கரை மாற்றி விற்கும் சுதந்திரம் இல்லை, ஏலக்காரருடனான உறவையும் கடனையும் விட்டுவிட்டுப் பேச முடியாது என்று எழுதினார்கள். இதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கம்பெனிக்காரரிடம் முன்பணம் வாங்கிய படகு, பக்கத்துத் துறையில் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் அதிகம் என்று போனில் தெரிந்துகொண்டு என்ன செய்யும்? தெரிந்துகொண்டு வருத்தப்படும்.

அந்தரங்கம் பற்றி அமெரிக்கப் பேராசிரியர் ஹெலன் நிசன்பாம் சொல்வதையும் இப்படித்தான் பிடித்தேன். தகவல் ரகசியமா பொதுவா என்று பார்க்காதே, எந்த உறவுக்குள் சொன்னது எந்த உறவுக்கு வெளியே போகிறது என்று பார் என்பது அவர் வாதம். கடலுக்கு அடியில் மீன் கூடும் பார் (பாறைத்திட்டு) எங்கே இருக்கிறது என்று ஒரு தாத்தா பேரனுக்குச் சொல்வார், படகு முதலாளியான சம்மாட்டிக்குக்கூடச் சொல்லமாட்டார். முன்பு கரையில் தெரியும் கோபுரம், பனை இவற்றை ஒன்றோடு ஒன்று கோத்துப் பார்த்துத்தான் இடம் பிடிப்பார்கள், அந்த அடையாளம் அவர் தலைக்குள் இருந்தது. இப்போது ஜிபிஎஸ்ஸில் ஒரு எண். பேரன் அதைச் சிநேகிதனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் திருட்டா? சட்டப்படி ஒன்றுமில்லை. ஆனால் தாத்தா அவனோடு பேசமாட்டார். 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள், அது அரசுக்கும் குடிமகனுக்கும் நடுவில். தாத்தாவின் கோபத்துக்கு எந்தப் பிரிவு என்று நீங்கள்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

ஓட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. வேகமாக ஓடும் நாளில் உரை கேட்காதீர்கள், இரண்டும் கெடும். வேகம் சரியா என்று பார்க்க ஒரு வழி: பேச்சாளர் சொன்னதை ஒரு முழு வாக்கியமாக மூச்சிறைக்காமல் வாய்விட்டுச் சொல்ல முடிந்தால் சரியான வேகம். முடியவில்லை என்றால் ஓட்டத்தைக் குறையுங்கள், சொல்ல வாக்கியமே வரவில்லை என்றால் உரையை மாற்றுங்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பதாகச் சிலர் பெருமைப்படுவார்கள், நமக்கு ஆங்கிலம் காதில் விழுந்து தமிழில் உட்கார ஒரு நொடி வேண்டும், அந்த நொடியைத் திருடாதீர்கள். ஒரே இடத்தை மூன்று முறை பின்னால் ஓட்டிக் கேட்க வேண்டி வந்தால் நிறுத்திவிட்டுச் சும்மா ஓடலாம். வாரத்தில் இரண்டு நாள் நான் எதையும் மாட்டிக்கொள்வதே இல்லை, கேட்டதெல்லாம் அந்த நாட்களில்தான் செரிக்கிறது.

காதை அடைக்கும் இயர்போன் கூடாது. ஒருமுறை தனுஷ்கோடிச் சாலையில், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் நேர்கோடு, காலை ஏழு மணி, இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஏகபோகத் தடுப்புச் சட்டம் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த சுற்றுலா வேன் ஹார்ன் அடித்திருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை, சாலையில் ஏறிக்கிடந்த மணலைத் தவிர்க்க நான் நடுவுக்கு வர, வேன் என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. டிரைவர் இறங்கித் திட்டியது முழுக்க நியாயம். அன்றிலிருந்து கன்னத்து எலும்பு வழியாகச் சத்தம் கடத்தும் வகைதான், காது திறந்தே இருக்கும். வண்டிக்கு எதிர்முகமாக, சாலையின் வலது ஓரத்தில்தான் ஓடுவது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாலத்தின் மேல் எதைப் போட்டாலும் கேட்காது, சத்தத்தைக் கூட்டத் தோன்றும், கூட்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல், அதற்கு மேல் காதுக்கு ஆபத்து. அந்த மாதங்களில் நான் பாலத்தை விட்டுவிட்டு பனங்காட்டுக்கு உள்ளே போகும் பாதைக்கு மாறிவிடுவேன். வந்ததும் சார்ஜ் போடும் ஊசிகளை ஈரத்துணியால் துடையுங்கள், வியர்வை உப்பும் கடல் உப்பும் சேர்ந்து மூன்று மாதத்தில் பச்சை பிடிக்க வைத்துவிடும்.

உரையை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் நம் சிக்னல் மெலிந்து திடீரென்று போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும், இலங்கைக்கு நல்வரவு என்று குறுஞ்செய்தி வரும், ரோமிங்கை அணைத்து வைக்காதவர் பாடு திண்டாட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாடு விட்டு நாடு போனாலும் ரோமிங் கட்டணம் கூடாது என்று 2017 ஜூன் 15 முதல் விதி வைத்தார்கள், அதைப் பற்றி ஒரு உரையை அந்த நல்வரவுச் செய்தி வந்த இடத்தில் கேட்டபோது நின்று சிரித்தேன். அலைக்கு எல்லைக்கோடு தெரியாது, பில்லுக்குத் தெரியும்.

வந்து குளிக்கும் முன் ஒரு நிமிடம், போனின் பதிவுக் கருவியில் தமிழில் பேசி வையுங்கள்: என்ன சொன்னார், ஏன் அப்படிச் சொன்னார், எனக்கு எங்கே ஒத்துவரவில்லை. உங்கள் இரண்டு வாரத்தில் விட்டுப்போனது இதுதான் என்று நினைக்கிறேன். தமிழில் என்று வற்புறுத்தக் காரணம் உண்டு. 'அக்கவுண்டபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். தமிழில் சொல்லப்போனால் பொறுப்பா, பதில் சொல்லும் கடமையா, கணக்குக் காட்டுவதா என்று நாக்கு தடுக்கும், யார் யாருக்குப் பதில் சொல்வது என்று பேச்சாளர் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும். தேதிகளையும் எண்களையும் மாலையில் எழுத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், டீக்கடையில் அவமானப்பட வேண்டாம்.

அந்தத் தமிழ்ப் பதிவை நான் அவ்வப்போது பாம்பனில் இருக்கும் என் மாமாவிடம் சொல்லிப் பார்ப்பேன். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர், இப்போது மகன் போகிறான். போன மாதம் படகுகளில் பொருத்தும் டிரான்ஸ்பாண்டரைப் பற்றிச் சொன்னேன். இஸ்ரோ தொழில்நுட்பம், நாடு முழுக்க 1 லட்சம் படகுகளுக்கு என்று 2024-ல் தொடங்கிய திட்டம், ஆபத்தில் செய்தி அனுப்பலாம், எல்லை நெருங்கினால் எச்சரிக்கும், கூடவே படகு எங்கே இருந்தது என்ற பதிவும் நிற்கும். லெஸ்ஸிக்கின் நான்கில் இது எது, சட்டமா அமைப்பா என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே மாமா இடைமறித்தார்: "மாப்பிள்ளை, அதெல்லாம் இருக்கட்டும். நீரோட்டம் இழுத்துப் போயி அங்கிட்டுப் பிடிச்சுட்டான்னு வையி. அந்தப் பெட்டியில இருக்குற பதிவு எங்களுக்குச் சாட்சியா நிக்குமா, எங்களுக்கு எதிராச் சாட்சி சொல்லுமா? அந்தப் பதிவை யாருகிட்டப் போயிக் கேட்டா எங்க கையில குடுப்பாங்க?"

இறக்கி வைத்திருந்த உரைகள் எல்லாவற்றையும் அன்று ராத்திரி புரட்டினேன். படகுக் கண்காணிப்பு பற்றி இரண்டு இருந்தன, இரண்டுமே அரசு மீனவரைப் பார்ப்பதைப் பற்றித்தான் பேசின, மீனவர் தன் பதிவைத் தானே கேட்டு வாங்குவதைப் பற்றி ஒரு வரி இல்லை. மூன்றாவதாக ஒன்று நேற்று கிடைத்தது, ஐம்பது நிமிடம், கேள்வி நேரம் முப்பத்தெட்டாவது நிமிடத்தில் தொடங்குகிறது. நாளைக் காலை ஐந்தேகாலுக்குப் பாலத்துப் பக்கம் கிளம்புகிறேன், வருவதாக இருந்தால் மண்டபம் ரயில் நிலையத்துக்கு முன்னால் நில்லுங்கள். இயர்போன் வேண்டாம், நான் கேட்டுச் சொல்கிறேன்.